பழைய தூண்டில் ரீல் மக்கர் செய்கிறதா? கோளாறைப் பார்த்துக் கழற்றுங்கள்

வருஷக்கணக்கில் மூலையில் கிடந்த ரீலை எடுத்து வந்து, "இது செத்துப்போச்சு, ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்கிறார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். இல்லையென்றால் யாரோ நல்ல எண்ணத்தில், எண்ணெய் படவே கூடாத இடத்தில் எண்ணெய் விட்டிருப்பார்கள். இந்த இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்யலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிப் போட்டுவிட்டு யோசிப்பதுதான் நல்ல ரீலைக் கெடுக்கிறது. அதனால் கோளாறு என்ன என்று முதலில் பாருங்கள். அதற்கான தலைப்புக்குப் போய், அங்கே சொன்ன வரிசையில் சோதியுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் கம்புக்குக் கீழே தொங்கும், முன்பக்கம் பெயில் கம்பி (நரம்பை, அதாவது தூண்டில் கயிற்றை, ஸ்பூலுக்கு வழிநடத்தும் வளைந்த கம்பி) உள்ள ஸ்பின்னிங் ரீலுக்கானது.

## கழற்றுவதற்கு முன்

திருகின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி, பழைய பல் பிரஷ், பஞ்சுக் குச்சி, பஞ்சு உதிராத துணி, மண்ணெண்ணெய், ஐசோபுரோபைல் ஆல்கஹால், ஒரு சின்னக் குப்பி மெல்லிய எண்ணெய், ரீலுக்கான கிரீஸ். இவ்வளவு போதும். ரீல் எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மிஷின் எண்ணெய் நன்றாகவே வேலை செய்யும். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம், சில மாதங்களில் பிசினாகிவிடும். பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கையும் பெயிண்டையும் தின்றுவிடும். மண்ணெண்ணெய், ஆல்கஹால் இரண்டும் தீப்பிடிப்பவை. ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புப் பக்கம் போகாமல் வேலை செய்யுங்கள்.

டபிள்யூடி-40 போன்ற ஸ்ப்ரேயை உள்ளே அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அது ஈரத்தை விரட்டவும் இறுகிய திருகை இளக்கவும் நல்ல பொருள். ஆனால் கியர் பல்லில் இருக்கும் கிரீஸைக் கரைத்துவிட்டு, அதற்குப் பதில் ஒரு மெல்லிய படலத்தை மட்டும்தான் விட்டுவைக்கும். கியருக்கு அது போதாது.

எதை எங்கே போடுவது? கியர் பல்லுக்கு கிரீஸ். பேரிங்குக்கும், ஸ்பூலைத் தாங்கும் நடு ஷாஃப்டுக்கும், பெயில் கம்பியின் முனையில் இருக்கும் நரம்பு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய். ரீல் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் ஒருவழி பேரிங்கில் கிரீஸ் படவே கூடாது.

ஒவ்வொரு பாகத்தையும் எடுப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுங்கள். கழற்றியதை இடமிருந்து வலமாக அதே வரிசையில் துணிமேல் அடுக்குங்கள். தாள் போல மெல்லிய வாஷர்கள் கியருக்கோ பேரிங்குக்கோ பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். அவைதான் அடிக்கடி தொலைந்துபோகின்றன. எது எந்தப் பக்கம் இருந்தது என்பதும் முக்கியம்.

## கோளாறு 1: கைப்பிடி கனமாகச் சுற்றுகிறது

முதலில் மேல்குமிழைக் கழற்றி, நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலை எடுத்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள்.

ஸ்பூலை எடுத்ததும் லேசாகச் சுற்றினால் கோளாறு உடலுக்குள் இல்லை. ஸ்பூலுக்கு அடியில் ஷாஃப்டில் நரம்பு சுற்றிச் சிக்கியிருக்கும். வெட்டி எடுத்து, ஷாஃப்டைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வேலை முடிந்தது.

அப்போதும் கனமாக இருந்தால் கைப்பிடியின் குமிழைத் தனியாகச் சுற்றிப் பாருங்கள். கையால் பிடிக்கும் அந்தக் குமிழ் அதன் அச்சில் இறுகினாலே மொத்த ரீலும் கனப்பது போலத் தெரியும். அங்கே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஐந்து நிமிஷம் பொறுத்துச் சுற்றிப் பாருங்கள்.

அதுவும் இல்லையென்றால் கிரீஸ் இறுகியிருக்கிறது. பழைய ரீலில் இதுதான் பெரும்பாலும் காரணம். அதற்கான முழு வேலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மற்ற கோளாறுகளுக்கும் இதையே செய்ய வேண்டிவரும்.

கைப்பிடியைக் கழற்றுங்கள். சில ரீல்களில் எதிர்ப்பக்க மூடியைத் திருகினால் கைப்பிடி வரும், சிலவற்றில் கைப்பிடியே மரையோடு இருக்கும். வழக்கமான திசையில் அசையவில்லை என்றால் பலம் கொடுக்காதீர்கள். மறுபக்கம் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கைப்பிடியிலும், ரோட்டர் (பெயில் கம்பியைத் தாங்கிச் சுழலும் பாகம்) நட்டிலும் இடமரை இருப்பது சகஜம். அடுத்து பக்கத் தகட்டின் திருகுகள். ஒன்று மட்டும் நீளமாகவோ குட்டையாகவோ இருக்கலாம், இடம் மாறாமல் வையுங்கள். எல்லாத் திருகையும் எடுத்தும் தகடு வரவில்லை என்றால் நெம்பாதீர்கள். ஏதோ ஒரு திருகு ஸ்டிக்கருக்கு அடியிலோ பின்பக்க மூடிக்குள்ளோ ஒளிந்திருக்கிறது.

உள்ளே பழுப்பாகவோ கறுப்பாகவோ இறுகிய கிரீஸைப் பார்ப்பீர்கள். முதலில் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுங்கள். கடலில் பயன்படுத்திய ரீல் என்றால் அடுத்த படி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர். இதை விட்டுவிட்டு நேராக மண்ணெண்ணெய்க்குப் போகிறவர்கள் அதிகம். மண்ணெண்ணெய் கிரீஸைத்தான் கரைக்கும், உப்பைக் கரைக்காது. தண்ணீர்தான் உப்பை எடுக்கும். உப்பு உள்ளே தங்கிவிட்டால், மேலே எவ்வளவு நல்ல கிரீஸ் பூசினாலும் அடியில் அரித்துக்கொண்டே இருக்கும். நான் மண்ணெண்ணெயில் மட்டும் கழுவி மாட்டிய ஒரு ரீல் மூன்றே மாதத்தில் மறுபடி இறுகிப்போனது. திறந்து பார்த்தபோது பேரிங் குழிக்குள் வெள்ளைப் பொடி அப்படியே உட்கார்ந்திருந்தது. அதன்பிறகு தண்ணீர்க் கழுவலை நான் தவிர்த்ததே இல்லை.

கழுவியபின் உலோக பாகங்களை மட்டும் மண்ணெண்ணெயில் கால் மணி நேரம் ஊறவைத்து, பிரஷ்ஷால் பல் பல்லாகத் தேயுங்கள். பிளாஸ்டிக் பாகங்களுக்குச் சோப்புத் தண்ணீரே போதும். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால், வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து சில நிமிஷம் வைத்து, தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். அலுமினியத்தை வினிகரில் ஊறப்போட வேண்டாம். எல்லாம் முழுசாகக் காய வேண்டும், ஒரு ராத்திரி விட்டுவிடுவது நல்லது.

புது கிரீஸை பிரஷ்ஷால் கியர் பல்லில் மெலிதாகப் பூசுங்கள். பல்லின் வடிவம் மறையாமல் தெரிய வேண்டும். உடல் முழுக்க கிரீஸை நிரப்பினால் ரீல் மறுபடி கனக்கும், அந்த கிரீஸ் நகர்ந்து ஒருவழி பேரிங்குக்கும் போய்ச் சேரும். திருகுகளின் மரையில் கொஞ்சம் தடவி மாட்டுங்கள். அடுத்த முறை கழற்ற வேண்டியவர் நீங்கள்தானே.

மெக்கானிக்கிடம் எப்போது? நடு ஷாஃப்டைச் சமதளமான கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள். தத்தித் தத்தி உருண்டால் வளைந்திருக்கிறது. அதை வீட்டில் நிமிர்த்த முடியாது. பேரிங் அதன் குழியில் துருவேறி இறுகியிருந்தாலும் அப்படியே கொண்டுபோங்கள். நெம்பினால் உடலே விரியும்.

## கோளாறு 2: சுற்றும்போது கரகரக்கிறது

இதில் காதைத்தான் முதலில் பயன்படுத்த வேண்டும். கைப்பிடியை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றி, உறுத்தல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். ரீலின் உடலிலோ ஸ்பூலிலோ 5.2:1 போல ஒரு விகிதம் பொறித்திருப்பார்கள். கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் ரோட்டர் 5.2 சுற்று சுற்றும் என்று அர்த்தம்.

ஒரு சுற்றுக்கு ஒரு முறை உறுத்தினால் பெரிய கியரிலோ கைப்பிடிப் பக்கத்துப் பேரிங்கிலோ பார்க்க வேண்டும். ஒரே ஒரு பல்லில் மணல் சிக்கியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

ஐந்தாறு முறை உறுத்தினால் ரோட்டர் பக்கம், அதாவது சின்ன பினியன் கியர், அதைத் தாங்கும் பேரிங், அல்லது ரோட்டரில் ஏதாவது உரசுகிறது. பெயில் கம்பி வளைந்து ஸ்பூல் விளிம்பில் தட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். திறக்காமலே தீரக்கூடிய கோளாறு அது.

சும்மா சுற்றினால் சத்தமில்லை, நரம்பை இழுத்துப் பிடித்துச் சுற்றினால்தான் கரகரக்கிறது என்றால் நரம்பு உருளையைப் பாருங்கள் (கோளாறு 6). அதற்கடுத்து கியர் தேய்மானம்.

மணலும் பழைய கிரீஸும் காரணம் என்றால் முன்பு சொன்ன கழுவல் போதும். பேரிங்கைச் சோதிப்பது எளிது. கழற்றி, ஆல்கஹாலில் அலசி, காயவைத்து, எண்ணெய் விடாமலே விரல்நுனியில் வைத்துச் சுழற்றுங்கள். சீராக ஓடினால் நல்லது, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டலாம். மணல் அரைப்பது போல உணர்ந்தால் இன்னொரு முறை அலசுங்கள். இரண்டாவது முறையும் அப்படியே இருந்தால் உள்ளே துருக்குழி விழுந்திருக்கிறது, மாற்ற வேண்டியதுதான். எண்ணெய் விட்டு அந்தச் சத்தத்தை மறைக்காதீர்கள், மறுபடி வரும். புது பேரிங் வாங்க ரீலின் பெயர்கூடத் தேவையில்லை. உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்துகொண்டு போனால் போதும். கைப்பிடிக் குமிழில் 4×7×2.5 என்ற அளவைப் பல ரீல்களில் பார்க்கலாம்.

கியர் பல்லை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நுனி கத்திபோலக் கூர்மையாகியிருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தாலோ, கழுவலும் கிரீஸும் சத்தத்தைக் குறைக்குமே தவிரக் கோளாறு போகாது. பெரிய கியரையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இதுதான் செலவான வேலை. அந்த மாடலுக்கு கியர் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

## கோளாறு 3: கைப்பிடி பின்னோக்கிச் சுழல்கிறது

இதைத் தள்ளிப்போடாதீர்கள். பெரிய மீன் இழுக்கும்போது கைப்பிடி திடீரென்று பின்னால் சுழன்றால் விரல் எலும்பில் அடிக்கும்.

முதலில் விசையைப் பாருங்கள். பழைய ரீல்களின் அடியிலோ பின்னாலோ பின்சுழற்சியை அனுமதிக்கும் குட்டி நெம்புகோல் ஒன்று இருக்கும். அது பாதியில் நிற்கலாம். நாலைந்து முறை இப்படியும் அப்படியும் தள்ளி, முழுசாக எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

டக் டக் என்று சத்தம் கேட்கும் பழைய வகை என்றால் உள்ளே பல்சக்கரமும், அதில் விழுந்து தடுக்கும் ஒரு சின்ன நாக்கும் இருக்கும். நாக்கு கிரீஸில் ஒட்டிக்கொண்டு விழாமல் இருக்கும். துடைத்து, அதன் அச்சில் மட்டும் எண்ணெயைத் தொட்டு வையுங்கள். நாக்கைத் தள்ளும் ஸ்பிரிங் ஒடிந்திருந்தால் அதைத் தனியாக வாங்கலாம். நாக்கின் நுனி மழுங்கியிருந்தால் அரத்தால் தீட்டி ஒப்பேற்றாதீர்கள், புதுசு மாட்டுங்கள்.

சத்தமே இல்லாத வகை என்றால் ஒருவழி பேரிங். "எண்ணெய் விட்டேன், அன்றிலிருந்து வழுக்குகிறது" என்று யாராவது சொன்னால் நேராக இங்கேதான் பார்ப்பேன். இதற்குள் குட்டிக் குட்டி உருளைகள் வளையத்துக்கும் நடுக்குழாய்க்கும் இடையே இறுகித்தான் சுழற்சியைத் தடுக்கின்றன. கெட்டியான எண்ணெயோ கிரீஸோ உள்ளே போனால் அவை நகர்ந்து இறுக முடியாது. குளிர்காலத்தில் மட்டும் வழுக்கினால் சந்தேகமே வேண்டாம், கிரீஸ்தான்.

ரோட்டரைக் கழற்றினால் அதற்குப் பின்னால் இது தெரியும். நடுக்குழாயை உள்ளேயே விட்டு, பேரிங்கை முழுசாக வெளியே எடுங்கள். குழாயை உருவினால் சில வகைகளில் உருளைகள் கொட்டிவிடும். மொத்தத்தையும் ஆல்கஹாலில் இரண்டு மூன்று முறை, அழுக்கு வருவது நிற்கும் வரை அலசுங்கள். முழுசாகக் காய்ந்தபின் பஞ்சுக் குச்சியில் மிக மெல்லிய எண்ணெயைத் தொட்டு, துடைத்தது போல மட்டும் தடவுங்கள். துருப் பிடிக்காமல் இருக்க அவ்வளவு போதும். மாட்டும்போது அழுத்தாமல், சுழலும் திசையில் திருப்பிக்கொண்டே உள்ளே விடுங்கள்.

அலசியும் வழுக்கினால் நடுக்குழாயின் மேல் நகத்தால் தடவிப் பாருங்கள். கோடு கோடாகப் பள்ளம் தட்டுப்பட்டால் தேய்ந்துவிட்டது. குழாயும் பேரிங்கும் சேர்த்து மாற்ற வேண்டும், அதற்கு மெக்கானிக்கிடம் போய்விடலாம்.

## கோளாறு 4: டிராக் சரியில்லை

மீன் இழுக்கும்போது நரம்பைச் சீராக விட்டுக்கொடுப்பதுதான் டிராக். நல்ல மீன் கைதவறுவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் எனக்கு இதன்மேல் தனி அக்கறை.

எவ்வளவு முடுக்கினாலும் நரம்பு ஓடுகிறது. டிராக்கைத் திறக்க வேண்டாம். ஸ்பூலை ஒரு கையால் அசையாமல் பிடித்து நரம்பை இழுங்கள். அப்போதும் நரம்பு வந்தால் கோளாறு டிராக்கில் இல்லை, மொத்த நரம்பும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழல்கிறது. பின்னல் நரம்பை வழவழப்பான வெறும் ஸ்பூலில் நேராகக் கட்டினால் இப்படித்தான் ஆகும். அடியில் சில சுற்று நைலான் நரம்பு சுற்றி, அதன்மேல் பின்னல் நரம்பைக் கட்டுங்கள். இது தெரியாமல் டிராக் வாஷர்களையே மாற்றியவர்கள் உண்டு.

ஸ்பூலைப் பிடித்ததும் நரம்பு நின்றால், வாஷர்களில் எண்ணெய் ஏறியிருக்கிறது அல்லது தேய்ந்திருக்கின்றன.

விட்டுவிட்டு, வெட்டி வெட்டி ஓடுகிறது. வாஷர் அழுக்கு அல்லது காய்ந்த ஃபெல்ட் (கம்பளித் துணி போன்ற வாஷர்). ஸ்பூலுக்குள் இருக்கும் வளையக் கம்பியை எடுத்து, வாஷர்களை ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். எடுத்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோர்த்துவிடுங்கள். காது வைத்த உலோக வாஷரும் காது இல்லாததும் மாறி மாறி வரும், இடம் மாறினால் டிராக் வேலை செய்யாது. உலோக வாஷர்களை ஆல்கஹாலில் துடைத்து, துருப் புள்ளி இருந்தால் மிக நைசான உப்புத்தாளில் தேயுங்கள். கார்பன் வாஷர் என்றால் துடைத்து, டிராக்குக்கென்றே உள்ள கிரீஸைத் தொட்டு மெலிதாகத் தடவலாம். சாதாரண கிரீஸ் வேண்டாம். ஃபெல்ட் அட்டைபோல விறைத்திருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்றுங்கள்.

தளர்த்தினாலும் இறுகியே இருக்கிறது. முடுக்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் வைத்ததால் வாஷர்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. மேலே சொன்னபடி பிரித்துத் துடைத்தால் போதும். இனிமேல் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். தண்ணீரில் அலசும்போது மட்டும் முடுக்கி, காய்ந்ததும் தளர்த்துங்கள். குழாயைப் பீய்ச்சி அடிக்காமல் மெதுவாக அலசுங்கள், பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும்.

சரிசெய்தபின் ஸ்பிரிங் தராசில் நரம்பைக் கட்டி இழுத்துப் பாருங்கள். நரம்பின் அறுபடும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் ஓட வேண்டும். 6 கிலோ நரம்பு என்றால் ஒன்றரை முதல் 2 கிலோ. ஓடும்போது முள் துள்ளாமல் நிற்கிறதா என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன்.

## கோளாறு 5: பெயில் மடங்கவில்லை, அல்லது தானாக மூடிக்கொள்கிறது

மடங்கவில்லை என்றால் இரண்டு பக்க அச்சையும் துடைத்து, ஆளுக்கொரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தீரவில்லை என்றால் பக்க மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். திறக்கும்போது ரீலை ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத் திறங்கள், ஸ்பிரிங் பாய்ந்தாலும் பைக்குள்ளேயே இருக்கும்.

வீசும்போது தானாக மூடிக்கொண்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். சில ரீல்களில் ரோட்டருக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பெயில் திறந்திருக்கும்போது ரோட்டர் சுழலாமல் பிடித்துவைப்பது அதுதான். அதில் கிரீஸ் பட்டிருந்தாலோ தேய்ந்திருந்தாலோ பிடிக்காது. கம்பி வளைந்திருந்தால் கையால் கொஞ்சம் நிமிர்த்தலாம், விரிசல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

## கோளாறு 6: நரம்பு முறுக்கிச் சுருள்கிறது, கீச்சென்று சத்தம் வருகிறது

இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் நரம்பு உருளைதான். பெயில் கம்பியின் ஒரு முனையில், நரம்பு வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கும் அந்தச் சின்ன உருளை. அதன் மேல் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, நரம்பை இறுக்கிப் பிடித்து இழுங்கள். புள்ளி நகரவில்லை என்றால் உருளை இறுகியிருக்கிறது. முதலில் ஒரு சொட்டு எண்ணெய். அதற்கு அசையவில்லை என்றால் திருகை எடுத்து, உருளை, புஷ், வாஷர் எல்லாவற்றையும் கழுவி மாட்டுங்கள். கடலுக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அலசிக் காயவைத்தபின் இங்கே ஒரு சொட்டு விட்டால், இந்தக் கோளாறு வரவே வராது.

உருளையின் பள்ளத்தில் நரம்பு அறுத்த கோடு நகத்துக்குத் தட்டுப்பட்டால் உடனே மாற்றுங்கள். அந்தக் கோடு நரம்பை உரித்துக்கொண்டே இருக்கும்.

## கோளாறு 7: நரம்பு ஒரு பக்கமாகக் குவிகிறது

ஸ்பூல் மேலும் கீழும் போகிறதா என்று பாருங்கள். போகிறது, ஆனால் முன்விளிம்பில் குவிகிறது என்றால் ஸ்பூலுக்கு அடியில் ஒரு மெல்லிய வாஷர் சேர்க்க வேண்டும். பின்பக்கம் குவிந்தால் ஒன்றை எடுக்க வேண்டும். ஸ்பூல் அசையவே இல்லை என்றால் உள்ளே ஷாஃப்டைப் பிடித்திருக்கும் திருகு கழன்றிருக்கலாம், அது எளிது. ஷாஃப்டை ஆட்டும் நகரும் துண்டு உடைந்திருந்தால் அந்த மாடலுக்கான உதிரி பாகம் வேண்டும்.

## கோளாறு 8: கழுவி மாட்டியபின் முன்பைவிடக் கனமாக இருக்கிறது

பதறாதீர்கள், எதுவும் உடைந்திருக்காது. பக்கத் தகட்டின் திருகுகளை எல்லாம் அரைச் சுற்று தளர்த்திச் சுற்றிப் பாருங்கள்.

தளர்த்தியதும் லேசானால் மெல்லிய வாஷர் ஒன்று தவறான பக்கம் போயிருக்கிறது, அல்லது பேரிங் அதன் குழியில் சரியாக உட்காரவில்லை. எடுத்து வைத்த படங்களோடு ஒப்பிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், திருகுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

தளர்த்தியும் கனமாக இருந்தால் கிரீஸ் அதிகம், அல்லது ஒருவழி பேரிங் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. கிரீஸில் பாதியைத் துடைத்து எடுத்துவிட்டுப் பாருங்கள்.

இரண்டு முறை பிரித்து மாட்டியும் கனம் போகவில்லை என்றால், மூன்றாவது முறை பிரிக்காதீர்கள். அலுமினிய உடலில் திருகின் மரை அடிக்கடி கழற்றினால் பிய்ந்துவிடும். மிச்சமான வாஷர் இருந்தால் ஒரு பொட்டலமாகக் கட்டி, ரீலோடும் போனில் இருக்கும் படங்களோடும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். எது எந்த வரிசையில் இருந்தது என்று படத்தில் பார்த்தாலே அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.